சீவுளியும் இழைப்புளியும்

சென்ற தவணைப் பரீட்சையிற் பத்தாந்தர மாணவருக்கு 'யான் கண்ட ஒரு கைத்தொழில்' என்னும் பொருளிற் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தேன். விடைத்தாள்களுள் ஒன்று தச்சுத்தொழில் பற்றியது. எழுதியவன் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் சிறுவன். "தாத்தா பலகையை முதலிற் சீவுளியாற் சீவுவார், பின்னர் இழைப்புளியால் இழைப்பார்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். யான் சிவப்பு மையால் முதல் வாக்கியத்தைக் குறுக்கே வெட்டி, ஓரத்திற் 'கூறியது கூறல்' என்று குறித்து, இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். சீவுளி என்றாலும் இழைப்புளி என்றாலும் மரத்தை வழவழப்பாக்கும் ஒரே கருவிதானே. நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களுள் ஒன்று இவ்விடத்தே புகுந்துவிட்டது என்பது என் எண்ணம். என் கைக்கு எட்டிய அகராதியும் என் பக்கமே நின்றது.

மறுநாட் காலை அப்பையன் என் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, அது ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. தாத்தாகிட்ட ரெண்டும் இருக்கு" என்றான். புள்ளிக்காக வாதாடும் மாணவரை முப்பது ஆண்டுகளாகக் கண்டு பழகியவன் யான். இவனோ புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கருவியைப் பற்றியே பேசினான். அதனாற்றான் அடுத்த சனிக்கிழமை அவனுடன் புறப்பட்டேன்.

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருந்தெருவிற் கெலிஓயாவைக் கடந்து சற்று உள்ளே நடந்தால், தகரக் கூரையிட்ட பட்டறை ஒன்று உண்டு. கிழவருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. அவருடைய தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தச்சராயிருந்தவர். மகனும் அங்கேயே கருவி பிடிக்கக் கற்றவர். யான் சென்றபோது அவர் நிலத்திலமர்ந்து, பலகையைக் கால்விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். "வாங்க ஐயா, பேரன் சொன்னான். ஏதோ பேர்ல தகராறாமே" என்று சிரித்தார். எழுந்து சென்று பரணிலிருந்து மரத்தாலான இரண்டு கருவிகளை எடுத்து வந்து என் முன் கவிழ்த்து வைத்தார்.

மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு கட்டை, அதன் நடுவே சாய்வாகத் துளை, துளையில் இரும்பு அலகு, அலகை இறுக்க ஓர் ஆப்பு. கவிழ்த்த பின்னரே வேறுபாடு கண்ணுக்குப் புலனாயிற்று. சீவுளியின் அலகு விளிம்பு நேர்கோடன்று. நடுவிற் சற்றே புடைத்து, இரு மூலைகளும் பின்வாங்கி, பிறைபோல் வளைந்திருந்தது. அதன் வாயும் அகன்றது. வாளால் அறுத்த பலகையின் மேடுபள்ளங்களை விரைவிற் களைவதற்குரியது அது. தடித்த சீவல்களை எடுத்தெறிந்து, பலகையின்மேல் உழவுசால் போன்ற ஆழமில்லாத வரிகளை விட்டுச் செல்லும். இழைப்புளியின் அலகு நேரானது; வாய் குறுகியது. அந்த வரிகளை அது நீக்கும். கிழவர் ஒருமுறை தள்ளியபோது சுருண்டு வந்த இழையைப் பையன் என் கையிலிருந்த பத்திரிகையின்மேல் விரித்து வைத்தான். எழுத்துக்கள் அதனூடே தெரிந்தன.

சீவுதலும் இழைத்தலும் வேறு வேறு வினைகள் என்பதனைத் தமிழாசிரியனாகிய யான் ஒரு தச்சரின் தாழ்வாரத்தில் நின்று கற்க வேண்டியதாயிற்று. பாளை சீவுகிறோம், பென்சில் சீவுகிறோம். வேண்டாததை வெட்டிக் கழிப்பது சீவுதல். சந்தனம் இழைக்கிறோம், நுண்மையாக்குவது இழைத்தல். நூலும் இழை, மகளிர் அணியும் அணிகலனும் இழை. இவற்றையெல்லாம் வகுப்பிற் பலமுறை சொல்லியவனே யான். ஆயினும் அவ்விரு வினைகளின் பின்னும் 'உளி' சேர்ந்தவுடன் பொருள் ஒன்றாகிவிட்டதென்று எவ்வாறு நம்பினேன்? கருவியைக் கண்ணாற் காணாமையன்றி வேறு காரணம் இல்லை.

ஆங்கிலத் தச்சரும் இவ்வாறே பிரித்திருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஜோசப் மொக்சன் என்பார் 1678 ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டனிற் பகுதி பகுதியாக வெளியிட்ட தொழில்நூலில், முதலிற் செல்லும் கருவிக்கு அலகு வளைந்திருத்தல் வேண்டுமென்றும், முடிவிற் செல்வதற்கு நேராயிருத்தல் வேண்டுமென்றும், இடையே பலகையின் ஓரத்தை நேராக்க நெடிய கருவியொன்று வேண்டுமென்றும் விளக்கியுள்ளார். அவர் தச்சரல்லர், பூகோள உருண்டைகளும் படங்களும் செய்து விற்றவர், ஆங்கிலத்தில் அச்சுத்தொழில் பற்றிய முதல் நூலை எழுதியவரும் அவரே. நூல் செய்வார் ஒருவர் தச்சரிடமும் கொல்லரிடமும் சென்று, அவர்தம் சொற்களை அவர் வாயிலிருந்தே கேட்டு எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சொற்கள் அம்மொழியில் வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெடிய இழைப்புளி ஏன் நெடியதாயிருக்கிறது என்று கேட்டேன். குட்டையான கருவி பள்ளம் கண்ட இடத்திற் பள்ளத்தில் இறங்கி, மேடு கண்ட இடத்தில் மேடேறிச் செல்லும். வளைவு வளைவாகவே வழவழப்பாகும். நீண்ட அடிப்பாகமுடையது இரு மேடுகளின்மேற் பாலம்போற் படிந்து மேட்டை மட்டும் சீவும். மேடு தீர்ந்த பின்னரே அலகு பள்ளத்தைத் தொடும். முதிரை மரத்துக்கென அவர் வைத்திருக்கும் இழைப்புளியில் அலகு மற்றவற்றினும் நிமிர்ந்து நிற்கிறது. முதிரையின் நார்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பின்னியவை. சாய்ந்த அலகு அவற்றைக் கிளப்பிப் பிய்த்துவிடும். மேனாட்டிலே பொதுவாக 45 பாகையில் அலகை வைப்போர் வன்மரங்களுக்கு 50 பாகைக்கு உயர்த்துவதும் இக்காரணம் பற்றியே. கிழவர் பாகை கணிப்பதில்லை. "கொஞ்சம் நிமித்தி வெச்சாத்தான் இந்த மரம் கேக்கும்" என்றார்.

இனி என்னை மிகவும் உறுத்திய செய்திக்கு வருகிறேன். மரக்கட்டை கருங்காலி, அதனைத் தம் கையாலே குடைந்தெடுத்தவர் அவருடைய தகப்பனார். வாயின் அளவு, துளையின் சாய்வு, ஆப்பு பொருந்தும் பக்கங்கள் ஆகியவற்றுள் ஒன்று தவறினும் கருவி பயன்படாது. அத்துணை நுட்பமான வேலையைச் செய்தவர் பெயர் அக்கட்டையில் எங்கும் இல்லை. அலகை உருவிப் பார்த்தேன். இரும்பிலே ஷெபீல்ட் நகரத்து உற்பத்தியாளர் ஒருவரின் முத்திரை ஆழப் பதிந்து, தேய்ந்தும் தேயாமலும் இருந்தது. கடையில் வாங்கிய இரும்புக்குப் பெயர் உண்டு. வீட்டிற் செய்த மரத்துக்குப் பெயர் இல்லை.

இக்கருவியின் வரலாற்றைச் சற்றே துருவினேன். கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலிற் புதைந்த பொம்பேயி நகரத்திலிருந்து உரோமரின் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. இங்கிலாந்தின் சில்செஸ்டரிலும் அகழ்ந்தெடுத்தனர். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1514 இற் செதுக்கிய துயரவுருவத்தின் காலடியில் ஓர் இழைப்புளி கிடக்கக் காணலாம். 1545 இல் மூழ்கி 1982 இல் மேலெடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலும் தச்சர்களின் இழைப்புளிகள் இருந்தன. இவை பெரும்பாலும் தச்சரே தமக்கெனச் செய்துகொண்டவை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இலண்டனில் இழைப்புளி செய்வதையே தனித்தொழிலாகக் கொண்டு, கட்டையின் மூக்கிலே தம் பெயரைப் பதிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. தோமஸ் கிரான்போட் என்பவர் அவ்வாறு பெயர் அறியப்பட்டோருள் மிக முந்தியவர்.

அமெரிக்காவிற் பெயர் பதித்த முதல்வருள் ஒருவர் மசச்சூசெற்ஸ் மாகாணத்து ரென்தம் என்னும் ஊரின் பிரான்சிஸ் நிக்கல்சன். அவரிடம் ஆபிரிக்க அடிமையொருவர் இருந்தார். பெயர் சேசர் செலர். எசமானருக்கு இழைப்புளி செய்து கொடுத்துத் தொழில் பயின்றவர். 1753 இல் நிக்கல்சன் இறந்தபோது தம் மரணசாசனத்திற் செலருக்கு விடுதலையும், நிலமும், கருவிகளும், மரமும் எழுதிவைத்தார். அதன்பின் செலர் செய்த இழைப்புளிகளில் அவருடைய சொந்தப் பெயரும், 'ரென்தத்தில் வாழ்பவர்' என்னும் சொற்களும் பதிந்துள்ளன. 1784 இல் அவர் இறந்தார். ஒருவரின் உடைமையாயிருந்தவர் தாம் ஓர் ஊரில் வாழ்பவர் என்று மரக்கட்டையிற் பதித்த அச்சில எழுத்துக்களை எண்ணியெண்ணி அன்றிரவு நெடுநேரம் உறங்காதிருந்தேன்.

பின்வந்த கதை இயந்திரத்தின் கதை. பொஸ்ரன் நகரத்து லெனாட் பெயிலி என்பார் வார்ப்பிரும்பாலான இழைப்புளிக்குத் திருகாணியும் நெம்புமூடியும் அமைத்து, ஆப்பையும் சுத்தியலையும் வேண்டாவாக்கினார். 1869 இற் கனெற்றிக்கட் மாகாணத்து நியூ பிரிட்டன் நகரின் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய உரிமைகளை வாங்கிற்று. அன்றுதொட்டு இழைப்புளிகள் இலக்கத்தால் அழைக்கப்பட்டன: 9 அங்குல நீளமுடையது இலக்கம் 4, 14 அங்குலம் இலக்கம் 5, 22 அங்குலம் இலக்கம் 7. இங்கிலாந்தில் 1931 முதல் ஷெபீல்டின் ஹம்ரன் நிறுவனம் 'ரெக்கோட்' என்னும் பெயரில் அதே இலக்கங்களோடு செய்து உலகெங்கும் அனுப்பிற்று. நல்ல கருவிகளே, குறை கூறேன். ஆயின் அவை மேசைமீது மரத்தை இறுக்கி, நின்று வேலை செய்வோருக்கென அமைந்தவை. நிலத்திலமர்ந்து கால்விரலாற் பலகை பற்றும் நம்மவருக்கு அந்த இரும்பின் பாரம் வேறுவகையாகத் தெரியும். சீனத் தச்சர் தம் இழைப்புளியிற் குறுக்குக் கைப்பிடி வைத்துத் தள்ளுவதும், யப்பானியர் தம்மை நோக்கி இழுப்பதும் அவ்வவர் அமரும் முறையோடும் நிற்கும் முறையோடும் பொருந்தியவை.

நம் வீட்டுப் பொருள்களின் பெயரை நோக்குக. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் ஆகியவை போர்த்துக்கேயச் சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தச் சொல். இவற்றையெல்லாம் செய்து தரும் சீவுளியும் இழைப்புளியுமோ தமிழ். சிங்களத் தச்சரும் அதனை 'யத்த' என்றே வழங்குவர். அதுவும் கப்பலேறி வந்த சொல் அன்று. இதனைக் கொண்டு கருவியும் தொன்றுதொட்டு நம்முடையதே என்று முழங்கப் புகுவார் சிலர் உளர். அவ்வாதம் செல்லாது. பழந்தமிழ்த் தச்சரின் கையில் நாம் தெளிவாகக் காண்பவை வாய்ச்சியும் உளியுமே. புறநானூற்றின் 87 ஆம் பாட்டில் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த தேர்ச்சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். தச்சனுடைய வேகமும் பொறுமையும் புலவருக்குத் தெரிந்திருந்தன. எந்தக் கருவியாற் செய்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடமும் அதுவன்று. சொல்லவேண்டிய இடம் நம்முடைய அகராதியும் பாடநூலுமே.

கண்டியைச் சூழவுள்ள பழைய கோயில்களுக்கு மாணவரை ஆண்டுதோறும் அழைத்துச் செல்கிறோம். கடலாதெனியாக் கற்கோயிலை 1344 இல் அமைத்த தென்னிந்தியச் சிற்பி கணேசுவராசாரியின் பெயர் அங்குள்ள கல்வெட்டில் உண்டு. அயலிலுள்ள இலங்காதிலகத்தின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. சற்றே அப்பாற் சென்று, கதிர்காமத் தெய்வத்துக்கு எடுத்த எம்பெக்கைத் தேவாலயத்து மண்டபத்தில் மரத்தூண்களைக் கண்டால், கல்லிலும் இத்துணை நயம் உண்டோ என்று தோன்றும். கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்களைச் சேர்த்துத் தாங்கும் அந்த ஒற்றை மரமுளையைக் காணாது திரும்புவோர் எம்பெக்கையைக் கண்டவராகார். அத்தூண்களைச் செதுக்கியவர் தெல்மட மூலாசாரி என்று செவிவழி மரபு கூறுகிறது. கல்லின் ஆசாரி சாசனத்தில் வாழ்கிறார். மரத்தின் ஆசாரி மக்கள் நாவில் வாழ்கிறார்.

நாவும் ஓயும் என்று அஞ்சியவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். கனிமவள ஆய்வாளராக இலங்கைக்கு வந்து, கண்டி நாட்டுக் கிராமங்களின் கைவினைஞரைத் தேடித் தேடிக் கண்டு, 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைத்தொழிலைப் போற்றிய அவர் நூலையும் கையச்சிலேயே அச்சிட்டார். வெளிவந்தவை 425 படிகள். சிவநடனம் பற்றி அவர் எழுதியதை நம் மேடைகளில் ஓயாது எடுத்துரைக்கிறோம். தச்சரும் கொல்லரும் எவ்வாறு வாழ்ந்தனர், என்ன கருவி பிடித்தனர் என்று அவர் எழுதியதை மேடையில் யாரும் சொல்லக் கேட்டிலேன். தத்துவம் உயர்ந்தது, தச்சு தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்முட் புலவர்க்கு ஆழ வேரோடியுள்ளது. அதனை யான் பிறர்மேற் சுமத்தவில்லை. என் சிவப்பு மையே சான்று.

இக்கருத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நகைத்தார். "மின்சார இழைப்புப்பொறி வந்துவிட்டது; ஒட்டுப்பலகை வந்துவிட்டது. பழைய இழைப்புளியை வைத்து என்ன செய்யப்போகிறீர்?" என்றார். தச்சர் மின்சாரப் பொறியைக் கைவிடவேண்டும் என்று யான் சொல்லவில்லை. கிழவரிடமும் ஒன்று இருக்கிறது. கடினமான வேலையை அதனிடமே விடுகிறார். யான் கேட்பது சிறிது. அவரும் அவரை ஒத்தோரும் உள்ள போதே, ஒவ்வொரு கருவிக்கும் கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதைக் கருவியைக் கண்ட பின்னரே எழுத வேண்டும். செய்தவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கில நூலொன்றை முன்வைத்து, அதிலுள்ள பெயருக்கெல்லாம் 'கருவி' என்றும் 'பொறி' என்றும் முடியும் சொற்களை அடுக்குவதைப் பார்க்கிறேன். ஆக்கவேண்டிய சொல் சிலவே. கேட்டறிய வேண்டியவையே பல. நிலத்தை இழைத்தெடுக்கும் கருவிக்குச் சொல் தேடி அறைக்குள் வியர்க்கும் நேரத்தில் ஒரு பட்டறைக்குச் சென்று வரலாம்.

பாடசாலைகளையும் ஒன்று கேட்கவேண்டும். யான் முன்னர்ப் படிப்பித்த பாடசாலையொன்றின் மரவேலை அறையிலே அலுமாரி நிறைய 'ரெக்கோட்' இழைப்புளிகள் இருந்தன. திறப்பு யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் பூட்டை உடைத்துத் திறந்தபோது அலகும் அடியும் ஒன்றாய்த் துருவேறிக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு மாணவனையும் அழைத்துச் சென்று நிறுத்தியவர் இல்லை. தமிழாசிரியனாயிருந்த யானும் இல்லை. மரவேலை மரவேலை ஆசிரியர் பாடு, சொல் என் பாடு என்று இருந்துவிட்டேன்.

பையனுக்கு வெட்டிய இரண்டு புள்ளிகளையும் திரும்பக் கொடுத்து, 'கூறியது கூறல்' என்பதை அடித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் பட்டறைக்குச் சென்று வருகிறேன். அவன் ஒவ்வொரு கருவியையும் படமாக வரைகிறான். யான் சொற்களைக் குறிக்கிறேன். அலகு, வாய், ஆப்பு, காடி எடுக்கும் இழைப்புளி, விளிம்புக்கு வடிவு செய்யும் இழைப்புளி எனக் குறிப்பேட்டின் பக்கங்கள் நிறைந்து வருகின்றன. அலகை ஒரு மயிரிழை உள்ளே இழுப்பதற்குக் கிழவர் கட்டையின் பின்புறத்திற் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். வெளியே தள்ளுவதற்கு அலகின் தலையில் ஒரு தட்டு. கைவந்த அளவான இத்தட்டுக்குத் தனிச்சொல் ஏதும் உண்டா என்று சென்ற கிழமை கேட்டேன். "தட்டுறதுதாங்க ஐயா" என்றார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மாத்தளையிலோ தச்சர் இதற்கு வேறொரு சொல் வழங்குவாராயின், இதனைப் படிக்கும் ஆசிரிய அன்பர் இப்பத்திரிகையின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவாராக.